தணுத்த தண்ணி

உக்காருங்க மேடம். அங்க வேண்டாம், மண்ண வாரி மூஞ்சியில அடிக்கும். இந்தத் தூணுக்கு இந்தப் பக்கமா இருங்க. இந்த மீன் ஏலக்கூடத்துல காத்து எட்டாத எடம் இது ஒண்ணுதான். ஊருல எனக்கும் ஒரு பூனைக்கும் மட்டும்தான் அது தெரியும்.

ஜூடு இப்பம் வள்ளம் எறக்கமாட்டான். அவன நம்பி நீங்க தண்ணி அளக்குற சாமானத்த எல்லாம் தூக்கிட்டு வந்துட்டீங்க. மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் தணியும், அப்பம் பாக்கலாம். நான் சொல்லல, அந்தா பாறையில அலை ஏறுற ஒயரம் சொல்லுது. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. எங்க ஊருல ஆனியிலயே பறந்திடும், ஆடிக்குப் பறக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது.

கட்டன்சாயா குடிக்கிறீங்களா? பிளாஸ்க்குல கொண்டு வந்திருக்கேன். சீனி கூடுதலா இருக்கும், பொறுத்துக்கிடுங்க. ஒத்தையில இருக்கவன் கைச்சாயா அப்படித்தான். ருசி பாத்துச் சொல்ல ஆள் கெடையாது.

என் பேரு தார்சியூஸ். இந்த ஊரு கமிட்டிக்கு நான் பதினோரு வருஷம் தலைவரா இருந்தேன். யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க. இல்ல, கேக்க வேண்டாம். இப்பம் அதெல்லாம் ஒண்ணுமில்ல. இப்பம் நான் அந்தப் பூனைக்கு மீன் தலை போடுறவன், அவ்வளவுதான். மவன் பஹ்ரைன்ல இருக்கான். ஞாயித்துக்கெழம போன் பண்ணுவான். "சாப்பிட்டீங்களா"ன்னு கேப்பான், "சாப்பிட்டேன்"னு சொல்லுவேன். அதோட தீந்துச்சு. அவனையும் குத்தம் சொல்லப்படாது, அங்க வெயிலு.

நேத்து நீங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குக் கடலப் பத்திச் சொல்லிக்குடுத்தீங்கல்லா? நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஜன்னலுக்கு வெளிய நின்னேன். உள்ள வந்திருக்கலாம்தான், ஊரு ஆம்பிளைக கொஞ்சப்பேரு பின்பெஞ்சுல இருந்தானுவ, யாரும் தடுக்கமாட்டாங்க. ஆனா நான் போயி உக்காந்தா பக்கத்துல இருக்கவன் மெதுவா எந்திரிச்சு வேற பெஞ்சுக்குப் போயிருவான். சண்டை ஒண்ணும் கெடையாது. சும்மா போவான். அதப் பாக்குறதுக்கு ஜன்னலு கொள்ளாம்.

நல்லா சொன்னீங்க மேடம். வடக்க வங்கக் கடல்ல தாழ்வு விழுந்தா அங்க காத்து இளகிக் கெடக்கும், தெக்க தூரத்துல அமுங்கிக் கெடக்கும், அமுங்கின எடத்துலேருந்து இளகின எடத்துக்கு ஓடி வரும்னு சொன்னீங்க. அது எங்களுக்கும் தெரியும், வேற மாதிரி தெரியும். ஒடிசாவுல மழைன்னு ரேடியோவுல சொன்னா இங்க மேக்கேருந்து அடிக்குற கச்சான் காத்து கயித்த அறுக்கும். பந்தி அங்க, எச்சில் எல பறக்குறது இங்க. அப்பறம் இன்னொண்ணு சொன்னீங்கல்லா, அதுதான் எனக்குப் புதுசு. அந்தக் காத்து கரையோரமா இழுத்து அடிக்கும்போது மேல கெடக்குற சூட்டுத்தண்ணிய கடலுக்குள்ள ஒதுக்கிரும், அந்த எடத்துக்கு அடியில கெடக்குற தணுத்த தண்ணி ஏறி வரும்னு. சாயாவ ஊதினா மேல உள்ளது ஒதுங்குதுல்லா, அது மாதிரின்னு நான் மனசுல வச்சுக்கிட்டேன். பூமி சுத்துறதுனால தண்ணி காத்து போற பக்கம் போவாம வலப்பக்கம் ஒதுங்கும்னு சொன்னீங்க பாருங்க, அத மட்டும் நான் நம்பல. கோவிச்சுக்கிடாதீங்க. முப்பத்தஞ்சு வருஷம் கடல்ல கெடந்தவன், பூமி சுத்தி நான் பாக்கல.

ஆனா தண்ணி தணுக்கும். அது சத்தியம். ஆனியில கால வச்சா எலும்பு வரைக்கும் ஏறும்.

எதுக்கு உங்களக் கூப்பிட்டேன்னா, எனக்கு ஒரு பேப்பர் வேணும். நீங்க சொன்னீங்க, பழைய வருஷத்துக் கணக்கெல்லாம் உங்க லேப்டாப்புல இருக்கு, எந்த வருஷம் எந்தத் தேதியில எந்தக் கடல் எத்தன டிகிரின்னு பாத்துரலாம்னு. ஒம்பது வருஷத்துக்கு முந்தி, ஜூன் இருபத்தஞ்சு. அண்ணையிலேருந்து ஒரு எட்டு நாளைக்கு எங்க கடல் எத்தன டிகிரின்னு எழுதித் தந்தா போதும். ஆபீஸ் சீல் இருந்தா நல்லது. இல்லைன்னா உங்க கையெழுத்து.

எனக்கு இல்ல. நீங்க தங்கியிருக்க வீட்டுல குடுக்கணும்.

ஆமா, அமலி. அமலோற்பவம். என் தங்கச்சி. என் கூடப்பொறந்தவ. உங்ககிட்ட சொல்லியிருக்கமாட்டா. சொன்னாளா? செவருக்கு அந்தப் பக்கம் இருக்கது எங்க அண்ணன்னு சொன்னாளா? அப்பிடித்தான் சொன்னாளா, அண்ணன்னு?

சரி.

பன்னெண்டு நாளா நீங்க அங்க இருக்கீங்க. அவ உங்களுக்கு தோசை ஊத்துற சத்தம் எனக்குக் கேக்கும். அவ சிரிக்குறது ஒருநாள் கேட்டுச்சு. என்ன சொன்னீங்க அவகிட்ட? நான் அவ சிரிச்சுக் கேட்டு ஒம்பது வருஷம் ஆச்சு. எங்கிட்ட பேசி ஒம்பது வருஷம். என் பெண்டாட்டி ரெஜினா செத்தப்பம் வந்தா. அவதான் குளிப்பாட்டினா, அவதான் சேலை உடுத்தினா. மூணு நாள் என் அடுக்களையில நின்னு வந்தவங்களுக்கெல்லாம் கஞ்சி வச்சா. பாத்திரத்த எல்லாம் கழுவி கவுத்தி வச்சிட்டுப் போனா. ஒரு வார்த்த கெடையாது. உப்பு எங்க இருக்குன்னுகூட கேக்கல. நான் வாசல்ல உக்காந்து, இப்பம் கேப்பா, இப்பம் கேப்பான்னு இருந்தேன். அவளே தேடி எடுத்துட்டா.

எதுக்குப் பேசலன்னு சொல்லுகேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. நீங்க படிச்சவங்க.

அவ புருஷன் வென்சிலாஸ். நல்ல பய. சிரிச்ச மொகம், கொஞ்சம் எடுத்தேன் கவுத்தேன்னு இருப்பான். அந்த வருஷம் வைகாசி கடைசியிலேருந்தே கச்சான் விடல. இருபது நாள் ஊருல ஒரு வள்ளம் எறங்கல. வீட்டுல இருக்க கருவாடு தீந்துச்சு. ரேடியோவுல தாழ்வு, தாழ்வுன்னு அதே பாட்டு. கமிட்டியில நான் சொல்லியாச்சு, ஒருத்தனும் எறங்கப்படாதுன்னு. இவன் காலையில கொஞ்சம் காத்து அமந்தத பாத்துட்டு இன்னும் ரெண்டு பேர கூட்டிக்கிட்டு எறக்கிட்டான். பாறைக்கு அந்தாண்ட போவல, ஒரு அலை தூக்கிக் கவுத்திருச்சு. ரெண்டு பேரு நீந்தி வந்துட்டானுவ. இவன் வரல. இதுல என் குத்தம் உண்டுமா? இல்லைல்லா?

எங்க ஊருல ஒரு கட்டு உண்டும் மேடம். கடல்ல ஒருத்தன் போயிட்டான்னா மூணு நாளு ஊரே வலை போடாது. எல்லா வள்ளமும் தேடத்தான் போவும். எந்தக் காத்தானாலும் போவும். பொம்பளைங்க குருசடியில உக்காந்து செபமாலை சொல்லுவாங்க. மூணு நாள் எதுக்குன்னா, முங்கின ஒடம்பு மூணாம் நாள் மெதக்கும். அது கணக்கு. இண்ணு நேத்து உள்ள கணக்கில்ல. வயிறு ஊதி தானா மேல வரும். மாசியிலயா, மூணாம் நாள். ஐப்பசியிலயா, மூணாம் நாள். நான் என் கையால நாலு பேர எடுத்திருக்கேன், நாலு பேரும் மூணாம் நாள். சொல்லி வச்ச மாதிரி வருவான்.

மூணு நாளும் நான் முன்னால நின்னேன். இத எழுதிக்கிடுங்க. என் வள்ளம்தான் மொதல்ல எறங்கும், கடைசியில கரையேறும். எஞ்சின ஆஃப் பண்ணிட்டு, நிப்பாட்டி, நிப்பாட்டி, பறவை எங்கியாச்சும் வட்டம் போடுதான்னு பாப்போம். கண்ணு எரிஞ்சு தண்ணி வடியும். கை மரத்துப் போவும். மொத நாள் இல்ல. ரெண்டாம் நாள் இல்ல. மூணாம் நாள் சாயந்தரம் வரைக்கும் இல்ல.

மூணாம் நாள் சாயந்தரம் எல்லாரும் குருசடி முன்னால கூடினாங்க. சாமியாரு இருந்தாரு. வென்சிலாஸுக்கு தம்பி நம்ம ஜூடு, அவன் இருந்தான். நான் என்ன சொல்லணும்? மூணு நாள் ஆயாச்சு. ஒடம்பு மெதந்திருந்தா தெரிஞ்சிருக்கும். மெதக்கலன்னா என்ன அர்த்தம்? நீரோட்டம் அடியிலயே இழுத்துட்டுப் போயிட்டு, இல்ல பாறைக்கெடையில மாட்டிக்கிட்டு. இனி தேடி பிரயோசனமில்ல. அதத்தான் சொன்னேன். மனச கல்லாக்கிக்கிட்டு சொன்னேன். என் தங்கச்சி புருஷன் மேடம். தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. எனக்கு ஆடலைன்னா நெனைக்கிறீங்க?

ஜூடு எங்கியோ பாத்துக்கிட்டு நின்னான். அப்பம் பொம்பளைங்க கூட்டத்துலேருந்து இவ எந்திரிச்சு வந்தா.

இடுப்பு வரைக்கும் சேலை நனஞ்சிருந்திச்சு. மூணு நாளா கடல்ல எறங்கி எறங்கி நின்னிருக்கா. எல்லா ஆம்பிளைகளும் நிக்குற எடத்துல வந்து நேரா எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுறா: "அண்ணா, தண்ணி தணுத்துக் கெடக்கு. ஐஸ்ல போட்ட மீனுக்கு மூணு நாள் ஆனாலும் வயிறு ஊதாது. அவருக்கு இன்னும் நேரமாவும். ஒரு நாலு நாள் கூடப் பாருங்க."

பாத்தீங்களா? பாத்தீங்களா என்ன பேச்சுன்னு?

புருஷன மீனோட சேத்து ஒருத்தி பேசுவாளா? எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. அவ மீன் விக்கப் போறவ, நாகர்கோவில் வரைக்கும் கூடை தூக்கிட்டுப் போறவ, ஐஸ்பெட்டியில கைவிட்டு எடுத்து எடுத்து அவளுக்கு எல்லாம் மீனாத்தான் தெரியும்போல. புத்தி கலங்கிப் போச்சுன்னு நெனச்சேன். அப்பிடித்தான் எல்லாரும் நெனச்சாங்க. நெனச்சிருப்பாங்க. நான்தான் சத்தம் போட்டேன். "வாய மூடு. எங்க வந்து என்ன பேசுற? இனி எங்கிட்ட நீ பேசாண்டாம்"னு சொன்னேன். ஊரு முன்னாலதான் சொன்னேன். கோவத்துல சொல்றதுதான? அண்ணன் தங்கச்சியச் சொல்றதுதான? அதப் புடிச்சுக்கிட்டா மேடம். பேசாண்டாம்னு சொன்னேன், அவ பேசல. வேற ஆயிரம் சொல்லியிருக்கேன் சின்னதுலேருந்து, ஒண்ணக் கேட்டிருக்காளா? இத மட்டும் அப்பிடியே கேட்டா.

மறுநாள் வலை போட்டாச்சு. சாளை மீனு கூட்டமா வந்திருந்துச்சு. என்னா சாளை! இருபது நாள் பட்டினி கெடந்த ஊருக்குக் கடல் அள்ளிக் குடுத்துச்சு. வள்ளத்துல நிக்க எடமில்லாம நெறஞ்சு வந்துச்சு. எல்லா வீட்டுலயும் சாளைக் கொழம்பு கொதிக்குது. பிள்ளைக மூணு தடவ சாப்பிட்டுச்சு. அண்ணைக்கு எத்தன பேரு எங்கிட்ட வந்து, "தலைவரே, நல்ல நேரத்துல கட்ட அவுத்தீங்க"ன்னு சொன்னான் தெரியுமா? அவனுவதான், இப்பம் பெஞ்சு மாறி உக்காருறவனுவ. அவனுவளேதான்.

அமலி அண்ணைக்கும் கடக்கரையிலதான் நின்னா. இண்ணைக்கு வரைக்கும் அவ கூடையில சாளை வைக்கமாட்டா. பாத்திருப்பீங்க. சூரை விப்பா, வாளை விப்பா, சாளைய தொடமாட்டா.

எட்டாம் நாள் ஒரு விசைப்படகுக்காரன் வயர்லெஸ்ஸுல சொன்னான், கன்னியாகுமரிக்குத் தெக்க ஒரு ஒடம்பு மெதந்து போவுது, நீலச் சட்டைன்னு. அவன் எடுக்கல. எடுக்குறதுக்குள்ள காத்து கொண்டு போயிருச்சாம். இங்கேருந்து நாலு வள்ளம் போனோம். நானும் போனேன். ஒண்ணும் இல்ல. கடல்ல கச்சான் வெள்ளையா நுரை கக்கிக்கிட்டு கெடக்கு, அதுல எங்க போயித் தேட?

அந்த நீலச் சட்டை நான் எடுத்துக் குடுத்தது. எம் மவன் கோயில்ல முதல்நன்மை வாங்குன அண்ணைக்கு.

கல்லறையில அவனுக்கு ஒரு எடம் இருக்கு. உள்ள அவன் தோள்ல போடுற துவர்த்தும் ஒரு சீப்பும் வச்சு மூடினாங்க. நான் போவல. யாரும் கூப்பிடல. நவம்பர்ல கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறையில மெழுகுதிரி கொளுத்தும். இவ மட்டும் கடக்கரையில மண்ணுல குத்தி வச்சிட்டு நிப்பா. நான் தூரத்துல நின்னு, திரி அமந்தா போயி கொளுத்திக் குடுக்கலாம்னு தீப்பெட்டியோட நிப்பேன். நவம்பர்ல காத்து கெடையாது. அமராது.

அந்தச் செவரா? ஆமா, ஊருல கேட்டா அண்ணனும் தங்கச்சியும் பிரிஞ்சு கெட்டிக்கிட்டாங்கன்னு சொல்லுவானுவ. அவ கெட்டல. நான் கெட்டினது. கோழி அங்கயும் இங்கயும் போவுதுன்னு கெட்டினேன். எங்கிட்ட அப்பம் கோழி கெடையாது, அது வேற. அவ தெனமும் காலையில முத்தத்துல நின்னு கடலப் பாப்பா. பாத்துட்டு, கூடைய எடுத்துட்டுப் போவா. எம் பக்கம் திரும்பிப் பாக்கக்கூட மாட்டா. அதுக்கு ஒரு செவரு இருந்தா நல்லதுன்னு பட்டுச்சு. ரெண்டு பேருக்கும் நல்லது.

இவ்வளவுதான் மேடம் வெவரம். நீங்க இப்பம் சொல்லுங்க. நேத்து நீங்க சொன்னதக் கேட்டப்பம் எனக்குத் தலையில ஒரு தேங்கா விழுந்த மாதிரி இருந்துச்சு. ஓகோ, அப்பம் இது அந்தத் தாழ்வு செஞ்ச வேல. எங்கியோ ஒடிசாவுல தாழ்வு விழுந்து, இங்க கச்சான் அடிச்சு, மேல்தண்ணிய ஒதுக்கி, அடித்தண்ணி தணுப்பா ஏறி வந்து, அதனால அவன் மெதக்க நேரமாயிருக்கு. எட்டாம் நாள் மெதந்திருக்கான். மூணாம் நாள் கணக்கு அந்தத் தண்ணிக்குச் செல்லாது. இத எங்களுக்கு யாரு சொன்னா? எந்த ஆபீஸ்காரன் வந்து சொன்னான்? தார்சியூஸ் என்ன செய்வான்? இத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தா அவளுக்கும் மனசு ஆறும்லா. அண்ணன் வேணும்னு செய்யல, அந்தத் தண்ணியில யாரா இருந்தாலும் தப்புத்தான் பண்ணியிருப்பான்னு புரியும்லா. நீங்க பொம்பள, வெளியூரு, படிச்சவங்க. நீங்க குடுத்தா வாங்குவா.

ஆ, பாத்துட்டீங்களா? அதுக்குள்ளயா? சொல்லுங்க.

இருபத்திரெண்டரை. எப்பமும் இருபத்தொம்பது இருக்குற எடத்துல இருபத்திரெண்டரையா. பாத்தீங்களா? நான் சொன்னேன்லா. எந்த நாளையிலேருந்து?

ஜூன் இருபதுலேருந்தா. அப்பம் அவன் போறதுக்கு அஞ்சு நாள் முந்தியே தணுத்துப்போச்சு.

என்ன கேட்டீங்க?

எனக்குத் தெரியுமாவா? தண்ணி தணுத்தது தெரியுமான்னா கேக்குறீங்க? நல்ல கேள்வி கேட்டீங்க. கால வைக்குறவனுக்குத் தெரியாதா? நான் ஊருக்கே காத்தும் தண்ணியும் பாத்துச் சொல்லுறவன். கட்டு போட்ட ரெண்டாம் நாளே எனக்குத் தெரியும், வள்ளத்துலேருந்து கைய விட்டா வெரலு கடுக்குது. தண்ணி நெறம் வேற மாறிக்கிட்டு வருது, பச்சையா, கொழகொழன்னு. மூணாம் நாள் மத்தியானம் பாறைக்குத் தெக்க பறவை எறங்குச்சு. எல்லாரும் ஒடம்புன்னு ஓடினோம். பாத்தா சாளை. தண்ணி தணுத்தா சாளை வரும் மேடம், இது தெரியாதவன் எங்க ஊருல பொறந்திருக்கமாட்டான். அப்பமே நான் நெனச்சேன், நாளைக்கு வலை போட்டா…

ஒண்ணுமில்ல. சாயா ஆறுது, குடிங்க.

சாளை எத்தன நாள் நிக்கும்னு சொல்லமுடியாது மேடம். வரும், போயிரும். ரெண்டு நாள் விட்டா வேற ஊருக்காரன் அள்ளிட்டுப் போயிருவான். ஊரு பட்டினி. அதையும் பாக்கணும்லா தலைவரா இருக்கவன். அதையும் பாக்கணும். நான் ஒருத்தன் வீட்டுக்காகப் பாக்குறதா, ஊருக்காகப் பாக்குறதா? பாத்தேன். ஊருக்காகத்தான் பாத்தேன். அது என் தங்கச்சி வீடா இருந்ததுனாலதான் இன்னும் கறாரா நின்னேன். சொந்தக்காரன்னு ஒரு நாள் கூடுதலா குடுத்தான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லப்படாது பாருங்க.

ஐஸ் எத்தன டிகிரி மேடம்?

சும்மா கேட்டேன்.

அவ சொன்னது சரியா இருந்திருக்கு என்ன? மீனு, ஐஸு எல்லாம். அந்த நேரத்துல அது கேக்கக் கூச்சமா இருந்துச்சு. ஆனா சரியாத்தான் இருந்திருக்கு. அப்பம் இந்தப் பேப்பர அவகிட்ட குடுத்தா… அவ சொன்னதத்தான் ஆபீஸும் சொல்லுதுன்னு ஆகும். நான் சொன்னதா ஆகாது. இல்லியா?

நீங்க எதுக்குத் தலைய குனிஞ்சுக்கிட்டீங்க? நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க மேடம். இந்தத் தேதிய இவ்வளவு வெரசா எப்பிடித் தேடி எடுத்தீங்க? நான் சொல்லி முடிக்கல, நீங்க இருபத்திரெண்டரைன்னுட்டீங்க.

ஏற்கெனவே பாத்து வச்சிருந்தீங்களா. யாருக்கு?

அமலியா?

அமலி கேட்டாளா? எப்பம் கேட்டா?

நீங்க வந்த மொத நாளா. தோசை ஊத்திக்கிட்டேவா. தண்ணிய அளக்குற மேடம்னு சொன்ன ஒடனே, ஒம்பது வருஷத்துக்கு முந்தி ஜூன் இருபத்தஞ்சுன்னு கேட்டாளா. தேதி தப்பாம சொல்லியிருக்கா. எழுதிக் குடுத்தீங்களா? என்ன செஞ்சா அத? மடிச்சு வென்சிலாஸ் படத்துக்குப் பின்னால வச்சாளா.

அப்பம் பன்னெண்டு நாளா அந்தப் பேப்பர் அங்க இருக்கு. என் செவருக்கு அந்தப் பக்கம்.

அழுதாளா? இல்ல. அழமாட்டா. என்ன சொன்னா? ஏதாச்சும் சொல்லியிருப்பால்லா. "நான் அப்பமே சொன்னேன்"னு சொல்லியிருப்பா. ஊரக் கூட்டிச் சொல்லப்போறேன்னு சொல்லியிருப்பா. நியாயம்தான, சொல்லலாம். சாமியாருகிட்ட குடுக்கப்போறேன்னு சொன்னாளா? ஜூடுகிட்ட? என்னப் பத்தி என்ன சொன்னா? பரவாயில்ல மேடம், சொல்லுங்க. எதுவானாலும் நான் தாங்கிக்கிடுவேன். எனக்கு இதுல வெக்கமில்ல. என்னப் பத்தி அவ வாயிலேருந்து ஏதோ ஒண்ணு வந்திருக்குல்லா, திட்டினாலும் பரவாயில்ல. சொல்லுங்க.

திரும்பச் சொல்லுங்க மேடம். காத்துல சரியா கேக்கல.

"இத எங்க அண்ணங்கிட்ட காட்டிராதீங்க. அவரு தாங்கமாட்டாரு."

அப்பிடியா சொன்னா.

அவருன்னா சொன்னா?

வேண்டாம் மேடம், பிளாஸ்க்க நான் எடுத்துக்கிடுகேன். வயசு அம்பத்தெட்டுதான் ஆவுது, ஆனா இந்தக் காத்து ஆள உலுக்கிருது.

ஒம்பது வருஷமா நான் என்ன நெனச்சிருந்தேன் தெரியுமா? கோவத்துல பேசாம இருக்கான்னு. அந்தக் கோவத்துக்கு நானும் வீம்பு புடிச்சேன். என் பெண்டாட்டி சாவுறதுக்கு முந்திகூட சொன்னா, "நீங்க போயி ஒரு வார்த்த கேளுங்க"ன்னு. நான் மூத்தவன், நான் எதுக்குப் போவணும்னு இருந்துட்டேன். எனக்குக் கஷ்டமா இருக்கு மேடம். ரொம்பக் கஷ்டமா இருக்கு. நான் ஒத்தையில கெடந்ததுக்கு அவதான் காரணம்னு தெனமும் அந்தச் செவரப் பாத்துச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அந்தா, பாறைக்கு அந்தாண்ட பாருங்க. வெள்ளை கொறஞ்சிருக்கு. ஜூடு வள்ளத்துக்கிட்ட வந்துட்டான், உங்களத்தான் கையக் காட்டுறான். போங்க. சாமானத்த நனையாம பாத்துக்கிடுங்க.

அந்தப் பேப்பர் எனக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்கிடுங்க. கையெழுத்தும் வேண்டாம், சீலும் வேண்டாம்.

அவ இப்பம் வீட்டுலதான இருப்பா? இந்தக் காத்துக்கு மீன் வந்திருக்காது, கூடை எடுத்திருக்கமாட்டா. நான் ஒரு எட்டு அங்க போயிட்டு வாறேன். செவரச் சுத்தித்தான் போவணும், அதுக்கு வாசல் வச்சுக் கெட்டல. கதவத் தெறப்பாளான்னு தெரியல. தெறக்கலைன்னா வாசல்ல நின்னே சொல்லுகேன், அவளுக்குக் கேக்கும்.

வேற என்ன சொல்ல? அண்ணைக்கு வெரல விட்டுப் பாத்தேன் அமலி, தண்ணி தணுத்துத்தான் கெடந்துச்சுன்னு சொல்லுகேன்.